சாப்டீங்களான்னு கேக்கறாருங்க

எங்கள் அப்பா தமிழில் நல்லவர், இந்தியில் மோசமானவர். குன்னூரில் விசாரித்தால் முதல் பாதியை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டாம் பாதி தெரிந்தவர்கள் ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்து இங்கே ஓட்டலில் தட்டு எடுப்பவர்கள், டைல்ஸ் ஒட்டுபவர்கள், எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர்கள். அவர்களிடம் போய் யாரும் அப்பாவைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

தமிழில் அவர் எவ்வளவு நல்லவர் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் வீட்டிலிருந்து கடைவீதிக்கு இறங்க மற்றவர்களுக்குப் பத்து நிமிடம் போதும். அப்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆகும். கீரைக்காரம்மாவிடம் நிற்பார், ஆட்டோ ஸ்டாண்டில் நிற்பார், செருப்புத் தைப்பவரிடம் நிற்பார். "ஏனுங்க, சாப்டாச்சுங்களா? ஊட்ல எல்லாரும் சௌக்கியமுங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். வழியில் படுத்திருந்த தெரு நாயிடம்கூட "அக்கட்டால போங்க" என்று அவர் சொன்னதை நானே காதால் கேட்டிருக்கிறேன். ஊரே அவரைத் தங்கமான மனுசர் என்றது.

அந்தத் தங்கத்தை வாசலில் செருப்போடு சேர்த்துக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். அம்மாவுக்கு அவர் வைத்திருந்த பெயர் "ஏய்". அம்மா சாப்பிட்டாளா என்று அவர் கேட்டு நான் கேட்டதில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு அம்மா அடுப்படி மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். ஒருமுறை அவளுக்கு டைபாய்டு வந்து எழ முடியாமல் கிடந்தபோது அப்பா அறைக்குள் எட்டிப் பார்த்துக் கேட்டது, "அப்ப சோறு யாரு ஆக்கறது?" பதினொரு வயதில் நான் சோறு ஆக்கக் கற்றுக்கொண்டது அன்றைக்குத்தான். இதை எழுதும்போதுகூட அப்பாவுக்கு மரியாதையாக எழுதுகிறேன், அம்மாவை 'அவள்' என்கிறேன் பாருங்கள். அந்த வீட்டில் வளர்ந்த பழக்கம்.

இனி இந்தி. கல்யாணத்துக்கு முன்னால் சில வருடங்கள் அப்பா வடக்கே ஒரு தொழிற்சாலையில் இருந்தார். அங்கே மெஷின்களுக்கு நடுவில், மேஸ்திரிகள் கூலிக்காரர்களை விரட்டுவதைக் கேட்டுக் கேட்டு இந்தி கற்றுக்கொண்டார். ஆகவே அவருடைய இந்தியில் ஏவல் உண்டு, மிரட்டல் உண்டு, வண்டி வண்டியாக வசவு உண்டு. வேறு எதுவும் இல்லை. அவ்வளவுதான் இந்தி என்று நம்பிக்கொண்டு நீலகிரிக்கு மாற்றலாகி வந்தார். பல வருடங்கள் அதைப் பயன்படுத்த இங்கே ஆளே இல்லை. பிறகு வடக்கத்தி ஆட்கள் மலைக்கு வர ஆரம்பித்தார்கள், அப்பாவுக்குக் கொண்டாட்டம் ஆகிவிட்டது.

எங்கள் ஊர்க்காரர்கள் அவர்களிடம் படாத பாடு படுவார்கள். சிலர் தமிழையே சத்தமாகப் பேசினால் புரியும் என்று நினைத்துக் கத்துவார்கள். சிலர் அண்ணா என்று பொருள்படும் 'பையா' என்ற ஒரே இந்தி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கையால் சொல்வார்கள். அக்கம்பக்கத்தில் யார் வீட்டில் டைல்ஸ் வேலை நடந்தாலும் அப்பாவைக் கூப்பிட்டுப் போவார்கள். "அய்யாவுக்கு இந்தி தண்ணிபட்ட பாடுங்க" என்பார்கள். அப்பா மப்ளரைச் சரிசெய்துகொண்டு போய் அந்த ஆட்களை வரிசையாகத் திட்டிவிட்டு வருவார். வேலை கொஞ்சம் வேகமாக நடக்கும். நன்றி சொல்லிக் காப்பி கொடுத்து அனுப்புவார்கள்.

ஒருநாள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். தண்ணீர் வைக்க வந்தவர் ஜார்க்கண்டுக்காரர். அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. அவள் டம்ளரைத் தொட்டு, கையைச் சுட்டுக்கொண்டது மாதிரி உதறி, "தம்பி, சுடுதண்ணி கொஞ்சம் கொண்டாங்க" என்றாள். அவர் சிரித்துத் தலையாட்டினார். அதற்குள் அப்பா இந்தியில் ஒரு அதட்டல் போட்டார். 'டேய்' என்கிற மாதிரி 'அபே' என்று தொடங்கி, சீக்கிரம் என்கிற 'ஜல்தி'யில் முடிந்தது. அந்த மனிதர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. சுடுதண்ணீர் வந்தது, டம்ளர் மேஜையில் கொஞ்சம் பலமாகவே வைக்கப்பட்டது. "பாத்தயா, நாலு வார்த்தை, வேலை முடிஞ்சுது" என்றார் அப்பா.

நான் குன்னூரில் ஒரு தேயிலை வியாபார அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஏலத்தில் எடுக்கும் வடக்கத்தி வியாபாரிகள் போனில் பேசுவார்கள். முக்கால்வாசி ஆங்கிலம், கால்வாசி இந்தி. அந்தக் கால்வாசியிலேயே என்னை 'ஜி' போட்டுக் கூப்பிடுவார்கள், சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பார்கள், தொந்தரவுக்கு மன்னிக்கச் சொல்வார்கள். ஆகவே இந்தியிலும் மனிதர்கள் மரியாதையாகப் பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அப்பாவிடம் சொன்னேன். "அந்தப் பாசைல மரியாதைங்கறதே கெடையாது கண்ணு. அதட்டுனாத்தான் அசைவானுங்க" என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது, டிவியைப் போட்டுவிடுவார்.

போன வருடம் மழைக்காலத்தில் ஒரு காலை அப்பா சவரம் செய்துகொண்டிருந்தபோது கீழே விழுந்தார். பக்கவாதம். கோயம்புத்தூருக்குக் கொண்டு போனோம். வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. கை கால் இனித் தேறினால் உண்டு, பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்றார் டாக்டர். அம்மா கட்டில் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் வாய் திறந்தது. வந்த வார்த்தை 'ஜல்தி'.

அடுத்தடுத்த நாட்களில் இன்னும் வார்த்தைகள் வந்தன, எல்லாம் இந்தி. தமிழ் ஒரு சொல்கூட வரவில்லை. இரண்டு மூன்று மொழி தெரிந்தவர்களுக்குச் சில சமயம் இப்படி ஒன்று மட்டும் திரும்பி வரும், அதிலும் வசவு வார்த்தைகள் முந்திக்கொண்டு வரும் என்று டாக்டர் விளக்கினார். ஊர் முழுக்க விசாரித்து விசாரித்துச் சேர்த்த தமிழ் அவ்வளவும் மழையில் கரைந்த மண்சுவராகிவிட்டது. வடக்கே பொறுக்கிய கெட்ட இந்தி மட்டும் பத்திரமாக இருந்தது. நான் வராந்தாவுக்குப் போய்த் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அழுகிறேன் என்று நினைத்து யாரோ ஒரு அம்மா என் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

அண்ணன் புனேயில் இருக்கிறான். வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ள இந்தி தெரிந்த ஆளாக வேண்டும் என்று போனிலேயே முடிவு செய்து, ஒரு ஏஜென்சியில் சொல்லி ஒருவரை அனுப்பினான். முப்பது வயது இருக்கும், ஜார்க்கண்டு. அவருடைய மனைவி சேரம்பாடிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறாள், கைக்குழந்தையோடு தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் இருக்கிறாள். இவரும் அதே எஸ்டேட்டில் மருந்து அடித்துக்கொண்டிருந்தவர்தான். மருந்து உடம்புக்கு ஆகாமல் மூச்சிழுப்பு வந்து இந்த வேலைக்கு மாறியிருந்தார். இந்த வேலையும் போனால் மறுபடி மருந்து டப்பாவைத்தான் முதுகில் கட்ட வேண்டும் என்று ஏஜென்சிக்காரரே எங்களிடம் சொன்னார்.

வந்த அன்றைக்கு அடுப்படி வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து அவர் சொன்ன முதல் வாக்கியம்: "ஏய் அம்மா, சூடு தண்ணி எடு. சீக்கிரம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அம்மாவோ சிரிக்க ஆரம்பித்து, நிற்க முடியாமல் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"யாருங்க தம்பி உங்களுக்குத் தமிழ் சொல்லிக் குடுத்தது?"

"சூப்பர்வைசர்" என்றார் அவர்.

அவருக்குக் கிடைத்த தமிழ் அது. காட்டில் கொழுந்துக்கூடையோடு நிற்பவர்களைப் பார்த்துக் கத்துகிற தமிழ். அப்பாவுக்கு இந்தி கிடைத்த மாதிரியே இவருக்குத் தமிழ் கிடைத்திருந்தது. ஒரே வித்தியாசம், இவருக்கு அம்மா கிடைத்தாள். டம்ளரைக் காட்டி, "சுடுதண்ணி குடுங்க. எங்க, சொல்லுங்க பாக்கலாம்" என்று தொடங்கினாள். சோறு போடும்போது, துணி காயப்போடும்போது, முட்டைகோஸ் நறுக்கும்போது என்று எந்நேரமும் பாடம் நடந்தது. ஒரு மாதத்தில் அவர் வாயிலிருந்து 'ங்க' இல்லாமல் ஒன்றும் வராது என்ற நிலைமை வந்தது. ஜன்னலைப் பார்த்து "மழைங்க" என்பார். காலில் ரத்தம் உறிஞ்சுவதைப் பார்த்து "அட்டைங்க" என்பார். வெளியே கிளம்பும்போது 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வர்றேனுங்க' என்று சொல்ல வேண்டும் என்பதையும் அம்மா கற்றுக் கொடுத்திருந்தாள். காய் வாங்கப் போனால்கூட வாசலில் நின்று அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார்.

அப்பா அவரை முதல் நாளே திட்ட ஆரம்பித்துவிட்டார். குழறலாகத்தான் வந்தது, ஆனால் புரிகிற குழறல். வந்தவர் முகத்தில் எதுவும் மாறவில்லை. தமிழ் தேறிய பிறகு ஒருநாள் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என்னிடம் கேட்டார், "அய்யா கம்பெனில சூப்பர்வைசருங்களா?"

"ஆமா."

"தெரியுதுங்க" என்றார்.

அவரைப் பெரிய மகான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அப்பா அதிகமாகத் திட்டிய நாளில் கஞ்சி நன்றாக ஆறிப்போன பிறகுதான் வாய்க்குப் போகும். அப்பாவைப் புரட்டிப் போட்டுத் துடைக்கும்போது அவர் தன் ஊர்ப் பாஷையில், இந்தியும் இல்லாத ஒன்றில், முகம் நிறையச் சிரிப்போடு நீளமாக என்னவோ சொல்லிக்கொண்டே துடைப்பார். குரல் தேனாக இருக்கும். அப்பாவின் கண் மட்டும் பிதுங்கும். "என்னங்க சொல்றீங்க அவர்கிட்ட?" என்று ஒருநாள் கேட்டேன். "சாமி பாட்டுங்க" என்றார். நான் நம்பவில்லை. தடுக்கவும் தோன்றவில்லை.

ஒரு நாள் மதியம் அம்மா அந்த அறை வாசலில் வந்து நின்றாள். அப்பா அவளைப் பார்த்ததும் இடது கையைத் தூக்கிக்கொண்டு கத்தினார். 'காம்சோர்' என்றார், வேலைக்கள்ளி என்று அர்த்தம். தொடர்ந்து, உன் மூஞ்சியைக் காட்டாதே, தொலைந்து போ என்றார். அந்த அளவுக்கு இந்தி எனக்குத் தெரியும். அம்மா, "என்னங்க தம்பி சொல்றாரு?" என்று கேட்டாள்.

அவர் ஈரத்துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டார். பிறகு சொன்னார், "அய்யா கேக்கறாங்க. அம்மா சாப்டீங்களான்னு."

அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "சாப்டேனுங்க" என்றாள். உண்மையில் சாப்பிட்டிருக்கவில்லை. அடுப்படிக்குப் போனாள், நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். என் நினைவில் முதல் தடவையாக அம்மா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் இது நடந்தது. அப்பா வாயைத் திறப்பார், அம்மா என்ன என்பாள், அவர் தமிழில் சொல்வார். குளிர் அதிகம், ஸ்வெட்டர் போடுங்கள் என்று அய்யா சொல்கிறார். முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று அய்யா கேட்கிறார். இந்தச் சேலை நன்றாயிருக்கிறது என்கிறார். அம்மா ஒவ்வொன்றுக்கும் நின்று பதில் சொல்வாள், "பரவாயில்லீங்க", "இன்னிக்குக் கொஞ்சம் தேவலைங்க" என்று. சாயங்காலம் தலைவாரிப் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்தாள். வயது அறுபத்தெட்டு. ஒரு வசவுக்காரக் கிழவரின் அறைக்கு முன்னால் பூ வைத்துக்கொண்டு நின்றாள்.

எனக்கு எரிந்தது. கல்யாணமாகி இத்தனை வருடம் கழித்து, பொய்யாக, கூலிக்கு வந்த ஒருவர் வாயிலிருந்து அவளுக்கு ஒரு புருஷன் கிடைத்துக்கொண்டிருந்தான். அவள் ஏமாறுகிறாள் என்று நினைத்தேன். சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். சொன்னால் அந்த நாற்காலி மறுபடி காலியாகிவிடும் என்பதால் வாயை மூடிக்கொண்டேன். அம்மாவிடம் கேட்க முடியாததை அவரிடம் கேட்டேன்.

"ஏன் பொய் சொல்றீங்க? அவர் பேசறது எனக்குப் புரியும்."

அவர் அப்பாவின் போர்வையை மடித்துக்கொண்டிருந்தார். "அய்யா சொல்றதைத் தமிழ்ல எப்படிங்க சொல்றது? அம்மா எனக்கு அந்தத் தமிழ் சொல்லித் தரலீங்களே" என்றார்.

அண்ணன் லீவு போட்டு ஒரு வாரம் வந்தான். முதல் நாள் பயணக் களைப்பில் தூங்கினான். இரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, எனக்கும் விடுமுறை. கூடத்தில் காப்பியோடு உட்கார்ந்திருந்தான். அப்பாவின் அறையிலிருந்து சத்தம் வந்தது. அம்மா பீன்ஸ் தட்டை மடியில் வைத்தபடி அங்கிருந்தே, "என்னங்க தம்பி?" என்றாள். உள்ளேயிருந்து பதில் வந்தது, "அய்யா சொல்றாங்க. மகன் வந்திருக்காரு, நல்லா சமைங்க, நீங்களும் கூட உக்காந்து சாப்பிடுங்கன்னு."

அண்ணன் காப்பியைக் கீழே வைத்தான்.

அவனுக்கு இந்தி என்னைப்போல் அரைகுறை இல்லை. அவன் வேலை பார்ப்பதே அந்த மொழியில். உள்ளே போனான். அவன் பேசிய இந்தி அப்பாவின் இந்தியைவிடத் திருத்தமாக இருந்தது, வேகமாக இருந்தது. குரல் மட்டும் அதே குரல். 'அபே' என்றுதான் ஆரம்பித்தான். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தால் அப்பா எழுந்து நடந்துவிட்டார் என்று நினைத்திருப்பேன். அந்த மனிதர் பதிலுக்கு ஒன்றிரண்டு சொற்கள் சொன்னார். அப்புறம் அப்பாவின் தலையணையைச் சரிசெய்யத் திரும்பிவிட்டார்.

அண்ணன் வெளியே வந்து அம்மா முன்னால் நின்றான். "அம்மா, இவன் உன்னை முட்டாளாக்கறான். அப்பா என்ன சொன்னாருன்னு தெரியுமா?" என்றான். பிறகு ஒவ்வொரு சொல்லாக எடுத்துத் தமிழில் வைத்தான். திருடி என்றான். தெண்டச்சோறு என்றான். இவளைக் கட்டி என் வாழ்க்கை வீணாய்ப் போச்சு என்றான். விரலை மடக்கி மடக்கிச் சொன்னான். உண்மையைச் சொல்கிற மகிழ்ச்சி அவன் முகத்தில் இருந்தது. இன்றைக்கு நினைத்தாலும் அந்த முகத்தில் ஒரு அறை விட வேண்டும் போலிருக்கிறது.

அம்மா பீன்ஸ் நறுக்குவதை நிறுத்தவில்லை. "சரி, அதுக்கென்ன இப்ப?" என்றாள்.

"என்னம்மா அதுக்கென்னங்கற? ஏமாத்தறாம்மா!"

"என்னத்த ஏமாத்திப்போட்டாரு? உங்கப்பாவ நல்லாத்தான் பாத்துக்கறாரு. தம்பி இருக்கட்டும் சாமி."

"உனக்கு ஒண்ணும் தெரியாது, நீ சும்மா இரு" என்றான் அண்ணன். அது அப்பாவின் வாக்கியம், ஒரு எழுத்து மாறவில்லை. அம்மா சும்மா இருந்தாள்.

நான் கத்தினேன். எனக்கும் இந்தப் பொய் தெரியும், அம்மா இந்த வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டது இதனால்தான், போய் உன் வேலையைப் பார் என்றேன். "அப்ப நீயும் கூட்டு. சரி, இந்த ஆள் வேண்டாம். நீ வேலைய விட்டுட்டு அப்பாவுக்கு மலம் அள்ளறியா?" என்று கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் ஏஜென்சிக்குப் போன் போட்டு, ஆளை மாற்றுங்கள், பேஷண்ட் சொல்வதை மாற்றிச் சொல்கிறான், நம்பிக்கையில்லாத ஆள் என்று சொல்லி முடித்துவிட்டான். காப்பி ஆறுவதற்குள் ஒருவருடைய பிழைப்பு போயிற்று.

அவர் பையை எடுத்துக்கொண்டு வந்தார். அம்மா டிபன் பாக்ஸில் சப்பாத்தி வைத்துக் கட்டிக் கொடுத்தாள், குழந்தைக்கென்று வர்க்கி பிஸ்கட் பொட்டலம் தனியாக. "நேரத்துக்குச் சாப்பிடுங்க தம்பி" என்றாள். அவர் வாசலில் நின்று, காய் வாங்கக் கிளம்புகிற மாதிரியே, "போயிட்டு வர்றேனுங்க" என்றார்.

"வர வேண்டாம்" என்றான் அண்ணன். அதை இந்தியிலும் ஒருமுறை சொன்னான்.

அண்ணன் புனேக்குப் போன அன்று சாயங்காலம் அடுப்படிக்குள் போனேன். அம்மா மேடையில் தட்டை வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். "உக்காந்து சாப்பிடு" என்றேன். அவள் கேட்கவில்லை.

"அவன் சொன்னதையெல்லாம் மனசுல வெச்சுக்காதம்மா. அந்தாளு பொய் சொன்னது எனக்கு முன்னாடியே தெரியும். உங்கிட்டச் சொல்ல மனசு வரல."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவு படித்தும் இவ்வளவுதானா என்கிற பார்வை.

"ஏங்கண்ணு, உங்கப்பா என்ன பேசுவாருன்னு தெரிய எனக்கு இந்தி தெரியோணுமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "அப்ப நீ தெனமும் பதில் சொன்னயே. சாப்டேனுங்க, தேவலைங்கன்னு."

"கேட்டவருக்குச் சொன்னேன்" என்றாள் அம்மா. "இத்தன வருசத்துல ஒருத்தர் கேட்டாரு. உங்கப்பாவா கேட்டாரு? அந்தத் தம்பி கேட்டாரு. அவருக்குப் பதில் சொன்னேன்." தட்டைக் கழுவி வைத்தாள். "அவரையும் உங்கண்ணன் தொரத்திப்போட்டான்."

அவள் தலையில் பூ இல்லை. அதற்கப்புறம் வைத்துக்கொள்ளவும் இல்லை.

புது ஆள் வந்தார், ஈரோட்டுப் பக்கம். தமிழ் மட்டும் தெரிந்தவர். "ஏனுங்கய்யா, கஞ்சி குடிக்கறீங்களாங்கய்யா?" என்று அப்பாவின் பழைய தமிழையே அப்பாவிடம் பேசுவார். அப்பா அவரை வாய்க்கு வந்தபடி இந்தியில் திட்டுவார், அவர் "சரிங்கய்யா" என்று தலையாட்டுவார். வசவு ஒன்றும் அவருக்குப் புரியாததால் இரண்டு பேருக்குள்ளும் நல்ல ஒற்றுமை. அப்பா மட்டும் சில நாட்கள் பழைய ஆளைத் தேடினார் என்று நினைக்கிறேன். வாசலையே பார்த்து 'அபே, அபே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தான் திட்டுவது புரிந்து பக்கத்திலேயே இருந்த ஒரே ஆளும் போய்விட்டார் அல்லவா.

ஒரு மாதம் கழித்து, அப்பாவோடு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் மூன்று பேர் ஆரஞ்சுப் பையோடு பார்க்க வந்தார்கள். புது ஆள் மருந்து வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தார். வந்தவர்களுக்குக் கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு, தட்டில் வர்க்கி வைத்தோம். அப்பா இவர்களையெல்லாம் வீட்டில் எல்லோரும் சௌக்கியமுங்களா என்று கேட்டவர். இப்போது அவர்களைப் பார்த்தார், வாயைக் கோணிக்கொண்டு, பழகாத காதுக்குப் பிடிபடாத குழறலில், "பானி" என்றார்.

பானி என்றால் தண்ணீர். நீலகிரியில் இன்றைக்கு அது தெரியாத ஆளில்லை. காய்கறிக் கடைக்காரருக்குத் தெரியும், பால்காரருக்குத் தெரியும். அம்மாவுக்கு நன்றாகவே தெரியும். போன ஆளிடம் தமிழ்ப் பாடத்துக்கு நடுவில் அவள் தெரிந்துகொண்ட முதல் இந்தி வார்த்தையே அதுதான்.

"அய்யா என்னமோ சொல்றாருங்களே?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

அம்மா கட்டில் தலைமாட்டில் கைகட்டி நின்றாள். "சாப்டீங்களான்னு கேக்கறாருங்க" என்றாள்.

மூன்று பேருக்கும் முகம் இளகிவிட்டது. "பாருங்க, இந்த நெலமைலயும்!" என்றார் ஒருவர். "அன்னைக்கும் அப்படித்தானுங்க. எங்களக் கேக்காம டிபன் பாக்ஸத் தெறக்கமாட்டாரு" என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பானி" என்றார் அப்பா மறுபடி. உதடு காய்ந்து வெளுத்திருந்தது.

"காப்பி குடிச்சுட்டுத்தான் போகோணுமுங்கறாருங்க" என்றாள் அம்மா.

மூன்றாவது மனிதர், அப்பாவைப் போலவே இளவயதில் வடக்கே இருந்தவர், தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் ஆரஞ்சுப் பையைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்து ஒரு வர்க்கியை எடுத்துக் கடித்தார். எனக்குப் பயமாக இருந்தது. அதை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். எனக்கு இனிக்கவும் செய்தது.

அவர்கள் காப்பி குடித்தார்கள். மழை, சாலையில் மண்சரிவு, யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்றெல்லாம் பேசினார்கள். அப்பா நடுநடுவே கேட்டுக்கொண்டே இருந்தார். அம்மா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்று சொன்னாள். மகளுக்கு வரன் அமைந்ததா என்று கேட்கிறார். பேரன் படிக்கிறானா என்று கேட்கிறார். கடைசியில் அப்பா இடது கையைக் கட்டில் சட்டத்தில் அடித்து அவளைப் பார்த்து ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். "ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்கங்கறாருங்க" என்றாள் அம்மா. மூன்று பேரும் கும்பிட்டு விடைபெற்றார்கள்.

வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்த அம்மா, அவசரமில்லாமல் டம்ளரில் தண்ணீர் எடுத்தாள். அப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்து, ஸ்பூனில் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்தாள். அவர் பார்வை டம்ளரைவிட்டு அகலவில்லை. பாதி முடிந்தபோது அம்மா நிறுத்தினாள்.

"போதுங்களா?" என்று கேட்டாள்.

"பானி" என்றார் அப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "போதுங்கறாரு" என்று சொல்லிவிட்டு, பாதித் தண்ணீரோடு டம்ளரை அடுப்படிக்கு எடுத்துப் போனாள். அங்கே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.